வெட்டுக்கிளி மூளையில் 20 ஹெர்ட்ஸ்: மலிவான ஒரு பதிவுக் கருவியும் காக்கைக்கொல்லியும்

சென்ற வாரம் அந்த அலை திரையில் அடங்கியது. வெட்டுக்கிளியின் உணர்கொம்பின்மீது ஹெக்ஸனால் வாசனை படும்போதெல்லாம் மூளையில் எழுந்துகொண்டிருந்த 20 ஹெர்ட்ஸ் அலைவு, காக்கைக்கொல்லிக் காயின் நஞ்சான பிக்ரோடாக்ஸின் உள்ளே போன சில நிமிடங்களில் தேய்ந்து மறைந்தது. பூச்சி அதுதான், வாசனையும் அதுதான். உணர்கொம்பும் முன்போலவே பதில் கொடுத்துக்கொண்டிருந்தது. காபா என்ற ஒரு தடுப்பு நரம்புக்கடத்தியின் வேலையை ஓரிடத்தில் மறித்ததுதான் நாங்கள் செய்த ஒரே மாற்றம். 200 டாலருக்குள் அடங்கிய கருவியில் இதைப் பார்க்க முடிந்ததால், எப்படிச் செய்தோம் என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன்.

நான் ஃபுளோரிடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களின் நரம்பியல் செய்முறை வகுப்புக்கு உதவியாளன். தடுப்பு நரம்புக்கடத்தி என்று பாடத்தில் வந்ததும் மாணவர்கள் 'அணைக்கும் பொத்தான்' என்று எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். முகரும் மூளைப் பகுதிகளில் காபா செய்வது அதைவிட மிகப் பெரிய வேலை. எந்த நரம்பணு எந்தக் கணத்தில் சுட வேண்டும், அதாவது மின்துடிப்பை எழுப்ப வேண்டும், என்பதையே அது வகுத்துக் கொடுக்கிறது. இதைப் படத்தில் காட்டினால் பதியாது, கண்முன் நடக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாகப் பிடிவாதம்.

எலியில் செய்வதுதான் முதல் எண்ணமாக இருந்தது. எலியின் முகர்குமிழில் கிரானூல் செல்கள் என்ற சிறு நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுக்கு ஆக்ஸான், அதாவது செய்தியைத் தொலைவுக்குக் கடத்தும் நீண்ட இழை, கிடையாது. முகர்குமிழின் செய்தியை வெளியே கொண்டுபோகும் மைட்ரல் செல்லின் கிளையிலிருந்து தூண்டுதலை வாங்கி, அதே இடத்திலேயே காபாவைத் திருப்பி ஊற்றுகின்றன. ரால், ஷெப்பர்ட், ரீஸ், பிரைட்மன் நால்வரும் 1966இல் விளக்கிய இந்தப் பரஸ்பரச் சந்திப்பு எனக்கு மிகப் பிடித்த விஷயம். ஆனால் அதைப் பதிவு செய்ய மூளைச் சீவல் எடுக்கும் இயந்திரமும், விலங்கு ஆய்வுக்கான அனுமதியும், ஒற்றைச் செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் மேசையும் வேண்டும். மாணவர் வகுப்புக்கு அது ஆகாது.

வெட்டுக்கிளி ஆகும். உணர்கொம்பின் செய்திகள் மூளையில் முதலில் வந்து சேரும் இடம் உணர்கொம்பு மடல். அதில் செய்தியை வெளியே கொண்டுபோகும் சுமார் 830 புரொஜெக்ஷன் நரம்பணுக்களும், மடலை விட்டு வெளியே போகாத சுமார் 300 இடை நரம்பணுக்களும் உள்ளன. இந்த இடை நரம்பணுக்கள் வெளிவிடுவது காபா. ஒரு கட்டத்தில் பல புரொஜெக்ஷன் நரம்பணுக்கள் சேர்ந்து சுட்டால் இவை விழித்து எல்லாரையும் ஒருசேர அடக்கும். அடக்கம் விலகியதும் எல்லாரும் மறுபடி ஒருசேரச் சுடுவார்கள். இப்படி விநாடிக்கு சுமார் இருபது முறை. அந்த ஒத்த துடிப்பு அடுத்த நிலையமான காளான் உடலத்தில் வந்து மோதும்போது, அங்கே வைத்த ஒரு மின்முனையில் அலையாகத் தெரியும். 1990களில் கால்டெக்கில் ழீல் லோரானின் குழு இதே பூச்சியில் இதை நுணுக்கமாகக் காட்டியது. 1996இல் கேட்ரீனா மெக்லியோடும் லோரானும் பிக்ரோடாக்ஸினால் இந்த அலையை அழித்துக் காட்டினார்கள். நாங்கள் செய்தது அதன் எளிய மறுபதிப்பு.

பூச்சி

இங்கே சிஸ்டோசெர்கா அமெரிக்கானா என்ற வெட்டுக்கிளி வயலோரங்களில் தானாகவே திரிகிறது. பக்கத்து ஆய்வகம் ஏற்கெனவே வளர்ப்பதால் முட்டைக் குழல்களை அங்கிருந்து வாங்கிக்கொண்டோம். ஈர மணல் நிரப்பிய பிளாஸ்டிக் குவளை, முளைவிட்ட கோதுமைப் புல், தட்டில் கோதுமைத் தவிடு, மேலே வெப்பத்துக்கு ஒரு குண்டு பல்ப். கூண்டில் 30 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் தொல்லை தராது. கடைசித் தோலுரித்து இறக்கை முற்றிய பூச்சியையே எடுக்க வேண்டும். அன்றுதான் தோலுரித்ததன் தலை ஓடு மெழுகைத் தாங்காமல் வளைகிறது. புல்லை ஈரத்தோடு கூண்டுக்குள் போடக் கூடாது, பூஞ்சை பிடித்துவிடும். இதற்குமேல் வளர்ப்பில் சொல்ல எதுவும் இல்லை.

காற்று

வாசனை ஊதும் அமைப்பு சின்ன வேலை என்று நினைத்தால் நேரத்தை விழுங்கிவிடும். மீன் தொட்டிப் பம்பு 18 டாலர். பம்பிலிருந்து வரும் காற்று கரித்தூள் நிரப்பிய குழாய் வழியே போய், நிமிடத்துக்கு 0.75 லிட்டர் வேகத்தில் உணர்கொம்பின்மீது ஓயாமல் வீசுகிறது. இன்னொரு கிளை நிமிடத்துக்கு 0.1 லிட்டர். இது 20 மில்லி கண்ணாடிக் குப்பியின் மேல்காற்றைத் தள்ளிக்கொண்டு வந்து பெரிய ஓட்டத்தில் சேர்கிறது. குப்பியில் 1-ஹெக்ஸனால், மினரல் ஆயிலில் பத்தில் ஒரு பங்கு. வெட்டிய புல்லின் பச்சை வாசனை, பூச்சிக்கு நன்கு பழகியது.

முதல் அமைப்பில் குப்பியையும் வால்வையும் மேசைக்கு அந்தப் பக்கம் வைத்து ஒரு மீட்டர் குழாயில் வாசனையைக் கொண்டுவந்தோம். பதில் தாறுமாறாகத் தாமதித்தது. கணக்குப் போட்டதும் விளங்கியது. 4 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் 0.75 லிட்டர் ஓட்டம் என்றால் காற்று விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான் நகர்கிறது. வால்வு திறந்து ஒரு விநாடி கழித்துத்தான் வாசனை பூச்சியிடம் சேரும், அதுவும் வழியில் நீர்த்துப் பரவி. வழி எளிது: வால்வு தூரத்தில் இருக்கலாம், குப்பி மட்டும் பூச்சியருகே வர வேண்டும். வால்வுக்கும் குப்பிக்கும் இடையிலுள்ள குழாயில் பயணிப்பது வெறும் அழுத்தம், அது உடனே போய்ச் சேர்ந்துவிடும். குப்பிக்கும் உணர்கொம்புக்கும் இடையிலுள்ள குழாயை 10 சென்டிமீட்டராக்கியதும் தாமதம் பத்தில் ஒன்றாகிவிட்டது. வால்வு, இரைச்சலைத் தடுக்கும் வலைக் கூண்டுக்கு (அதைப் பின்னால் சொல்கிறேன்) வெளியே போனதால் அதன் மின் இரைச்சலும் குறைந்தது.

இன்னொன்று. வாசனைக் கிளை திறந்ததும் மொத்தக் காற்று 0.75இலிருந்து 0.85 ஆகிறது. உணர்கொம்பு தொடுகையையும் உணரும் உறுப்பு, இந்த மாற்றம் அதற்குத் தெரியும். அதனால் மும்முனை வால்வு வாங்கினோம். சாதாரண நேரத்தில் அந்த 0.1 லிட்டர் வெறும் மினரல் ஆயில் குப்பி வழியே வரும். வாசனை வேண்டும்போது ஹெக்ஸனால் குப்பிக்கு மாறும். மொத்த ஓட்டம் மாறாது. வால்வுகள் இரண்டும் சேர்த்து 24 டாலர். இரண்டாவது குப்பிக்கும் குழாய்களுக்கும் சேர்த்து இன்னொரு 25. வால்வின் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடைத் தலைகீழாகப் போடுவதை மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் வால்வு மூடும் ஒவ்வொரு முறையும் பதிவில் ஆணி அடித்ததுபோல ஒரு குத்து விழும். பூச்சிக்குப் பின்னால் ஒரு புனல் வைத்து, மிச்ச வாசனையைச் சுவரிலுள்ள உறிஞ்சு குழாய்க்கு விட்டோம். அது இல்லாமல் அறை முழுக்க ஹெக்ஸனால் தங்கிவிடுகிறது.

பெருக்கி

அலையின் உயரம் சில நூறு மைக்ரோவோல்ட். அதை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை படிக்கும் அளவுக்கு ஏற்ற வேண்டும். முதல் படியில் ஏடி620 என்ற பெருக்கிச் சில்லு. அதன் இரண்டு கால்களுக்கிடையே 499 ஓம் மின்தடை வைத்தால் பெருக்கம் 100. இரண்டாம் படியில் சாதாரண ஆப்-ஆம்ப், பெருக்கம் 50. இரண்டும் சேர்ந்து 5,000. மின்சாரம் முழுக்க இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளிலிருந்து. ஆர்டுயினோவின் ஒரு படி 4.9 மில்லிவோல்ட் என்பதால் மூளைப் பக்கம் அது ஒரு மைக்ரோவோல்ட்டுக்குச் சமம். இந்த வேலைக்குத் தாராளம். விநாடிக்கு 1,000 மாதிரிகள் எடுத்தோம்.

இரு படிகளுக்கும் நடுவில் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 1 லட்சம் ஓம் மின்தடையும் கட்டாயம் வேண்டும். ஏடி620 தன் உள்ளீட்டுக் கால் வழியாக ஒரு நானோஆம்பியர் அளவில் மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். 10 மெகாஓம் கண்ணாடிக் குழல் மின்முனையில் அது 10 மில்லிவோல்ட் சாய்வாக மாறும், நூறு மடங்கில் 1 வோல்ட். மின்தேக்கி இல்லாமல் அதை மறுபடி ஐம்பதால் பெருக்கினால் கருவி விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த இணைப்பு 1.6 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுகிறது, நமக்கு வேண்டியது 20. குழலின் நுனியையும் மென்தாளில் மெல்லத் தொட்டு உடைத்து, மின்தடையை 2 மெகாஓம் பக்கம் கொண்டுவந்தோம். அப்போதுதான் பதிவு அலைபாயாமல் நின்றது.

உணர்கொம்புக்குத் தனியாக இன்னொரு ஏடி620. உணர்கொம்பின் மொத்த மின்பதில் மெதுவாக எழுந்து மெதுவாக இறங்குவதால் அங்கே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போட்டு எல்லையை 0.16 ஹெர்ட்ஸுக்கு இறக்கினோம், பெருக்கத்தையும் குறைத்தோம். இந்த இரண்டாம் தடத்துக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். மருந்துக்குப் பின் மூளை அலை நின்றால், பூச்சிக்கு வாசனையே எட்டாமல் நின்றதா, எட்டியும் நின்றதா என்று சொல்ல அந்தத் தடம் ஒன்றுதான் சாட்சி.

மின்முனைக்குள் போகும் வெள்ளிக் கம்பியைத் துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறவைத்தோம். கால் மணி நேரத்தில் கம்பி கருஊதாச் சாம்பல் நிறமாகிவிடும். நிறம் திட்டுத் திட்டாக இருந்தால் முதலில் நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துவிட்டு மறுபடி ஊறவைக்க வேண்டும்.

இரைச்சல்

இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பெருக்கியை முதன்முதலில் இணைத்தபோது திரையில் தெரிந்தது அந்த 60 மட்டுமே. மரச்சட்டத்தில் அலுமினியக் கொசுவலை அடித்துக் கூண்டு செய்தோம், 22 டாலர். வலையின் எல்லாப் பக்கங்களும் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருக்க வேண்டும். கதவுப் பக்கத்து வலை சட்டத்து வலையைத் தொடாமல் நின்றபோது கூண்டு இருந்தும் இல்லாததுபோலவே இருந்தது. நுண்ணோக்கி, மின்முனை தாங்கி, காற்றுக் குழாயின் உலோகப் பகுதி எல்லாவற்றையும் தனித்தனிக் கம்பியால் ஒரே ஒரு எர்த் புள்ளிக்குக் கொண்டுவந்தோம். மடிக்கணினி பேட்டரியில் மட்டும் ஓடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கால்வாசி இரைச்சல் மிச்சமிருந்தது. அதற்குக் காரணம் உப்பு நீர். மூளையைக் குளிப்பாட்ட மேலேயிருந்து வரும் உப்புக் கரைசல் ஒரு நீண்ட மின்கடத்தி. கூண்டுக்கு வெளியே தொங்கும் பாட்டிலிலிருந்து மூளைவரை அறுபடாத தாரையாக வந்தால், அறையின் இரைச்சலை அப்படியே சுமந்துகொண்டு வருகிறது. மருத்துவமனை டிரிப் செட்டை வாங்கி, அதன் சொட்டு அறையைக் கூண்டுக்குள் வைத்ததும் தாரை சொட்டுகளாக அறுந்தது. அந்தக் கணமே கோடு சுத்தமானது. நிமிடத்துக்கு 2 மில்லி, அதாவது 40 சொட்டு. சொட்டு விழும்போது சிறு குலுக்கல் வரும்தான், ஆனால் அது விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவு, 20 ஹெர்ட்ஸ் பக்கம் வராது. எட்டு டாலர் செலவில் இவ்வளவு பலன் தந்த பொருள் இந்தக் கருவியில் வேறில்லை.

உப்புக் கரைசலின் அளவை எழுதிவிடுகிறேன், தேடுகிறவர்களுக்கு உதவும். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 8.18 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.37, இருநீர் கால்சியம் குளோரைடு 0.74, சோடியம் பைகார்பனேட் 0.34, அறுநீர் மக்னீசியம் குளோரைடு 0.20, ஹெப்பீஸ் 1.5. கால்சியத்தைக் கடைசியில், நன்கு கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும். பிஎச் 7.0 அல்லது 7.1.

தலையைத் திறத்தல்

பூச்சியைப் பனிக்கட்டியில் வைத்து அசைவு முழுக்க அடங்கிய பிறகே கை வைக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. பூச்சிக்கு விதிமுறை தேவைப்படுவதில்லை என்பது அதை எப்படி வேண்டுமானாலும் கையாளலாம் என்பதற்கு அனுமதியல்ல. மாணவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

உடலைப் பிளாஸ்டிக் தொட்டிலில் படுக்கவைத்துத் தேன்மெழுகால் நிறுத்துகிறோம். உணர்கொம்பைச் சிறு குழாய்த் துண்டுக்குள் நுழைத்து வெளியே நீட்டி வைக்க வேண்டும், அது நனையக் கூடாது. பிறகு தலையைச் சுற்றி மெழுகுக் கிண்ணம். ஒரு சொட்டு கசிந்தாலும் உணர்கொம்பின் அடி நனைந்து பதில் போய்விடும் என்பதால், முதலில் கிண்ணத்தில் நீர் விட்டு மென்தாளால் சுற்றிலும் ஒற்றிப் பார்த்துவிட்டே தலை ஓட்டை வெட்டுகிறேன்.

உணர்கொம்புகளின் நடுவே ஒரு சதுரச் சாளரம். உள்ளே முதலில் தெரிவது வெள்ளி நிறக் காற்றுப் பைகள். அவற்றை நுண்ணிடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தால் கொழுப்பு, அதற்கடியில் வெளிர் மஞ்சளாக மூளை. முன்புறம் உணர்கொம்பு நரம்பு வந்து இறங்கும் இடத்தில் குண்டாகத் தெரிவது உணர்கொம்பு மடல். மேற்புறம் பின்னால் இரு பக்கமும் மெல்ல மேடிட்டிருப்பது காளான் உடலத்தின் கிண்ணப்பகுதி. நமக்கு வேண்டியவை இந்த இரண்டு இடங்களும்தான்.

பூச்சியின் குடல் துடிக்கும்போது மூளையும் சேர்ந்து ஆடும். அதனால் வயிற்றின் நுனியைத் திறந்து குடலை வெளியே இழுத்துவிட்டு, நூலால் முடிச்சுப் போட்டோம். மூளைக்கு அடியில் மெழுகு பூசிய சிறு கம்பி மேடையைச் செருகி லேசாகத் தூக்கினோம். மேடை கொஞ்சம் அதிகமாக உயர்ந்தாலும் உணர்கொம்பு நரம்பு இழுபட்டு எல்லாம் முடிந்துவிடும். நரம்பு நேர்கோடாக விறைப்பதற்கு முன்பே, இன்னும் ஒரு சிறு வளைவு மிச்சமிருக்கும் நிலையில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூளையைச் சுற்றிய உறை கண்ணாடிக் குழலை உள்ளே விடாது. புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டியேஸ் தூளைச் சிறிதளவு கரைத்து ஒரு நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவி, உறையை இடுக்கியால் கிள்ளித் திறந்தோம். ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டால் மூளை மேற்பரப்பு கொழகொழத்துப் போகும்.

முதல் பதிவுகள்

மின்முனை கிண்ணப்பகுதியில் 100 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குமேல் இறங்கியது. ஒரு விநாடி வாசனை. சிறு நெளிவு, அவ்வளவுதான். மின்முனையை நகர்த்தினோம், காத்திருந்தோம், மறுபடி ஊதினோம். அதே நெளிவு. மின்முனை இடம் தவறியிருக்கிறது என்றே எல்லாரும் நம்பினோம்.

விடை மார்க் ஸ்டாப்ஃபரும் லோரானும் 1999இல் காட்டிய ஒரு விஷயத்தில் இருந்தது. வெட்டுக்கிளிக்கு ஒரு வாசனை முதல்முறை வரும்போது புரொஜெக்ஷன் நரம்பணுக்கள் நிறையச் சுடும், ஆனால் ஒத்துச் சுடாது. அதே வாசனை அடுத்தடுத்து வர வர, சுடுவது குறைந்து ஒத்திசைவு கூடும். நாங்களோ ஒவ்வொரு ஊதலுக்கும் பிறகு மின்முனையை நகர்த்தியபடி நிமிடக்கணக்கில் இடைவெளி விட்டுக்கொண்டிருந்தோம். மின்முனையைத் தொடாமல் 10 விநாடிக்கு ஒருமுறை ஊதும்படி ஆர்டுயினோவுக்குச் சொன்னோம். ஊத ஊத அலை வளர்ந்தது. விரைவிலேயே வாசனை தொடங்கிச் சில நூறு மில்லிவிநாடி கழித்து, வடிகட்டாத கோட்டிலேயே பல் பல்லாக எண்ணக்கூடிய 20 ஹெர்ட்ஸ். மாணவர்கள் திரையில் விரல் வைத்து எண்ணினார்கள். வெறும் மினரல் ஆயில் குப்பிக்கு அலை எழவில்லை.

காக்கைக்கொல்லி

பிக்ரோடாக்ஸின் நமக்கு அந்நியச் சரக்கல்ல. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் படரும் காக்கைக்கொல்லிக் கொடியின் காயிலிருந்து எடுப்பது. அந்தக் காயை இடித்து நீரில் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பழையது. 1812இல் பூலே என்ற பிரெஞ்சுக்காரர் அதன் நச்சைப் பிரித்தெடுத்தார். காபா ஏற்பியின் நடுவே உள்ள குளோரைடு வாசலை அது அடைத்துக்கொள்கிறது. மனிதருக்கும் வலிப்பு வரவழைக்கும் நஞ்சு என்பதால் தூளை எடை போடும் வேலையை மாணவர்களிடம் விடவில்லை. காற்று உறிஞ்சும் பெட்டிக்குள் கையுறையுடன் நானே டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 100 மில்லிமோலார் மூலக் கரைசலாக உறையவைத்தேன்.

முதலில் எளிய வழி: குளிப்பாட்டும் உப்பு நீரிலேயே ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்து 100 மைக்ரோமோலாராக ஓடவிட்டோம். 20 ஹெர்ட்ஸ் போய்விட்டது. ஆனால் அதன் இடத்தில் பெரிய, ஒழுங்கற்ற எழுச்சிகள், சில வேளை வாசனை இல்லாமலே. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூளை முழுவதும் மருந்து பரவினால் காளான் உடலத்திலுள்ள காபாவும் மறிக்கப்படும். அங்கே ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு ராட்சத காபா நரம்பணு, கென்யன் செல்கள் எனப்படும் அங்குள்ள சுமார் 50,000 நரம்பணுக்களையும் கட்டுக்குள் வைத்திருக்கிறது. லோரானின் குழு 2011இல் விவரித்த நரம்பணு இது. அதன் பிடி தளர்ந்ததால் வந்த ஆட்டமா, மடலில் ஒத்திசைவு போனதால் வந்த மாற்றமா என்று பிரிக்க வழியில்லை.

ஆகவே மடலுக்குள் மட்டும் ஊட்ட வேண்டும். இன்னொரு கண்ணாடிக் குழலில் 1 மில்லிமோலார் பிக்ரோடாக்ஸின், பார்வைக்குத் துளி ஃபாஸ்ட் கிரீன் சாயம். ஒரு மில்லி ஊசியால் கையழுத்தம் கொடுத்துப் பார்த்தோம். கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும், முதலில் எதுவும் வராமல் பிறகு மடல் முழுவதும் வீங்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. பக்கத்து ஆய்வகத்தின் அழுத்த ஊட்டியைக் கடன் வாங்கியதும் நிலைமை மாறியது. மிகச் சிறு துடிப்புகளாகக் கொடுக்க, பச்சை நிறம் மடலுக்குள் மட்டும் விரிந்து, எல்லையில் நிற்பது நுண்ணோக்கியில் தெரிந்தது.

இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டியது இடைவெளி. மருந்து கொடுக்க வாசனையை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் கழித்து மறுபடி தொடங்கினால் முதல் ஊதல்களில் அலை எப்படியும் சிறுத்துத்தான் இருக்கும், ஏனென்றால் பூச்சியின் பழக்கம் கலைந்திருக்கும். அதை மருந்தின் விளைவென்று எழுதிவிடுவது மிகச் சுலபம். அதனால் மருந்து போகும் நேரத்திலும் 10 விநாடிக்கு ஒருமுறை ஊதல் நிற்காமல் ஓடியது. மருந்தில்லாமல் டிஎம்எஸ்ஓவும் சாயமும் மட்டும் கொடுத்த பூச்சிகளில் அலை அப்படியே இருந்தது.

பிக்ரோடாக்ஸின் கொடுத்தவற்றில் அலை அழிந்தது. 10 முதல் 55 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்ற அலைமாலைக் கணக்குப் போட்டால், முன்பு 20 அருகே தனித்து நின்ற மேடு பின்பு தரையோடு தரையாகக் கிடந்தது. உணர்கொம்புத் தடத்தில் எந்த மாற்றமும் இல்லை. கழுவினால் மெல்லத் திரும்புகிறது, முழு உயரத்துக்கு எந்தப் பூச்சியிலும் திரும்பவில்லை.

அலை போன பின்னும் அந்த நரம்பணுக்கள் வாசனைக்குப் பதில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மெக்லியோடும் லோரானும் நரம்பணுவுக்குள்ளேயே மின்முனை விட்டுப் பார்த்தபோது, வேகமான அடக்கம் மட்டும் போய், விநாடிக்கணக்கில் நீளும் மெதுவான அடக்கம் பிக்ரோடாக்ஸினுக்கு அசையாமல் நின்றது. ஒரே மடலில் இரண்டு வகைத் தடுப்பு. ஒத்திசைவு போவதால் பூச்சிக்கு என்ன நட்டம் என்பதற்கு 1997இல் தேனீக்களில் விடை கிடைத்தது. மூளையில் பிக்ரோடாக்ஸின் தடவிய தேனீக்கள் மிகவும் வேறுபட்ட வாசனைகளைப் பிரித்தறிந்தன. ஹெக்ஸனாலையும் ஆக்டனாலையும் போல நெருங்கிய வாசனைகளில் தடுமாறின.

செலவும் அடுத்ததும்

ஆர்டுயினோ 28, ஏடி620 இரண்டு 24, மற்ற மின்னணுச் சாமான்கள் 15, பேட்டரி 10, வெள்ளிக் கம்பி 20. மேலே சொன்னவற்றோடு சேர்த்து 194 டாலர். நுண்ணோக்கி, மின்முனை நகர்த்திகள், குழல் இழுக்கும் இயந்திரம், அழுத்த ஊட்டி ஆகியவை ஆய்வகத்துடையவை, அவற்றை விலைக்கு வாங்குவதென்றால் கணக்கே வேறு. ரசாயனங்களும் இதில் சேரவில்லை.

மீன் தொட்டிப் பம்பை மாற்றப் போகிறேன். அதன் அதிர்வு காற்றோட்டத்தில் சிறு துடிப்பாகப் பூச்சிவரை வருகிறது. இடையில் ஒரு பெரிய காலிப் பாட்டில் வைத்ததும் அடங்கியது, ஆனாலும் எனக்குத் திருப்தியில்லை. அலை ஆராய்ச்சியில் ஆடும் காற்று வேண்டவே வேண்டாம். மெழுகுக் கிண்ணத்துக்குப் பதில் முப்பரிமாண அச்சில் எடுத்த ஒரு வளையத்தைச் சோதிக்க வேண்டும், மாணவர்களின் நேரத்தில் பாதி மெழுகிலேயே போகிறது.

பெரிய மாற்றம் இன்னொரு தடம். வெட்டுக்கிளியின் ஒவ்வோர் உணர்கொம்பும் தன் பக்கத்து மடலுக்கே நரம்புகளை அனுப்புகிறது. இரு பக்கக் கிண்ணப்பகுதிகளிலும் மின்முனை வைத்து, இடது மடலுக்கு மட்டும் பிக்ரோடாக்ஸின் கொடுத்தால், அதே பூச்சியின் வலது பக்கமே ஒப்பீடாக நிற்கும். மருந்துக்கும் நேரத்துக்கும் பழக்கத்துக்கும் தனித்தனியாகச் சந்தேகம் தீர்க்க வேண்டியதில்லை. மூன்றாவது ஏடி620க்குச் சொல்லியாகிவிட்டது. பலகையில் அதற்கு இடம் இருக்கிறது, கூண்டுக்குள் இரண்டாவது நகர்த்தியை எங்கே நிறுத்துவது என்றுதான் இப்போது அளந்துகொண்டிருக்கிறோம்.